ஒரே பள்ளியில் 46 சீசன், 1,274 வெற்றி: மார்கன் வூட்டன் உண்மையில் என்னதான் செய்தார்?

(கூடைப்பந்து விவாதக் களத்தில் வந்த கேள்வியும் பதில்களும். ஒவ்வொரு தலைப்பும் எழுதியவரின் புனைப்பெயர்.)

வெளிக்கோடு (கேள்வி)

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், ஹயட்ஸ்வில் ஊரில் டிமாத்தா என்று ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. அங்கே 1956 முதல் 2002 வரை கூடைப்பந்து கோச்சாக இருந்தவர் மார்கன் வூட்டன். 1,274 வெற்றி, 192 தோல்வி. கல்லூரி அணியோ என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணியோ அல்ல. 14 முதல் 18 வயதுப் பையன்கள்.

அவரைப் பற்றித் தேடினால் எங்கே போனாலும் "ஒழுக்கம், அர்ப்பணிப்பு, குடும்பம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சரி, மறுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் கோர்ட்டில் பன்னிரண்டு பசங்க நிற்கும்போது "அர்ப்பணிப்பு" என்று சொன்னால் என்ன நடக்கும்? அதனால் மூன்று விஷயம் மட்டும் கேட்கிறேன்.

ஒன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை மொத்த அணியும் மாறிவிடுகிற இடத்தில் தரம் எப்படி விழாமல் இருந்தது? இரண்டு, உயரமான எதிராளிக்குத் தயாராகப் பயிற்சியில் டென்னிஸ் ராக்கெட்டைப் பயன்படுத்தினார் என்ற கதை உண்மையா? உண்மையென்றால் அந்தப் பயிற்சியை இன்றைக்கு எப்படிச் செய்வது? மூன்று, சார்ஜ் வாங்க, அதாவது பந்தோடு வருபவன் பாதையில் நின்று மோதலை வாங்கி ஃபவுலை அவன் மேல் விழவைக்க, சொல்லிக்கொடுப்பது எப்படி, அதுவும் நம்ம ஊர் சிமெண்ட் தரையில்?

கணக்குப்பிள்ளை

முதலில் எண்ணைச் சரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. 1,274-ம் 192-ம் கூட்டினால் 1,466 ஆட்டம். 46 சீசனுக்கு வகுத்தால் சீசனுக்குக் கிட்டத்தட்ட 32 ஆட்டம். அதில் 28 வெற்றி, 4 தோல்வி. இதை 46 தடவை திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். வெற்றி விகிதம் 87 சதவீதத்துக்கு ஒரு முடி கீழே.

ஒரு பையன் பள்ளி முதல் அணியில் ஆடுவது இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. அப்படியானால் அவர் கையில் இருபதுக்கும் மேற்பட்ட முற்றிலும் வேறு வேறு அணிகள் இருந்திருக்கின்றன. ஏட்ரியன் டான்ட்லி, டேனி ஃபெர்ரி மாதிரி பின்னாளில் என்பிஏ போனவர்கள் இருந்த வருடங்களும் அதில் உண்டு, அப்படி யாருமே இல்லாத வருடங்களும் உண்டு. நட்சத்திரம் இல்லாத வருடத்திலும் சராசரி சரியாததுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஆரம்பம் இப்படி இல்லை. 1951-ல் வாஷிங்டனில் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பேஸ்பால் கோச்சாகத்தான் அவர் தொடங்கினார். முதல் சீசனில் அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. டிமாத்தாவுக்கு வந்தபோது அவருக்கு 25 வயது. அங்கே அவர் வரலாற்று ஆசிரியரும்கூட. இதைச் சும்மா ஒரு தகவலாகத் தாண்டிப் போகாதீர்கள். கோச் அதே பள்ளியில் பாடம் எடுக்கிறவர் என்றால், ஒரு பையன் கணக்கில் விழுகிறான் என்பது மதிப்பெண் அட்டை வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியர் அறையில் காதில் விழுந்துவிடும். சாயங்காலம் மட்டும் வந்துபோகும் கோச்சுக்கு அந்த வசதி கிடையாது. பையன் தகுதி இழந்த பிறகுதான் தெரியவரும். சுமார் 30 வருடம் தொடர்ச்சியாக அவரிடம் ஆடிய கடைசி வருட மாணவர்கள் அத்தனை பேருக்கும் கல்லூரி உதவித்தொகை வாய்ப்பு வந்தது என்பார்கள். விளையாட்டு மட்டும் போதுமென்றால் இது நடக்காது.

1980-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக கோச் வேலை தேடி வந்தபோதும் போகவில்லை. அந்த இடத்துக்கு ஜிம் வால்வானோ போனார். 1983-ல் அந்தப் பல்கலைக்கழகம் தேசியப் பட்டத்தை 54–52 என்று வென்றபோது பின்வரிசையில் (பந்தை நடத்தும் கார்டுகளாக) ஆடிய சிட்னி லோ, டெரெக் விட்டன்பர்க் இருவருமே டிமாத்தா பையன்கள். வேலைக்கு அவர் போகவில்லை, வளர்த்த பிள்ளைகள் போனார்கள்!

1996-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் 2002 வரை கோச் வேலை. 2000-ல் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் (கூடைப்பந்தின் புகழ் மண்டபம்) சேர்த்தார்கள். 2020 ஜனவரியில் 88 வயதில் காலமானார்.

பழைய பலகை

முதல் கேள்விக்கு என் பதில்: மேலே இருக்கும் அணியைப் பார்க்காதீர்கள், கீழே இருப்பதைப் பாருங்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பொதுவாக மூன்று அடுக்கு. ஒன்பதாம் வகுப்பு அணி, ஜூனியர் அணி, முதல் அணி. மூன்றையும் ஒரே கையால் ஓட்டினால் ஒன்பதாம் வகுப்பில் வருகிறவன் கற்கும் கால்வைப்பும், கூப்பிடும் சொல்லும், டிஃபென்ஸில் நிற்கும் இடமும் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாறாது. முதல் அணிக்கு வரும்போது அவன் புதியவன் இல்லை, இரண்டு வருடம் அதே பாஷை பேசியவன். நம் பக்கம் சப்-ஜூனியர் அணிக்கு ஒரு கோச், சீனியர் அணிக்கு இன்னொருவர், இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒருவர் "பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கம் விடாதே" என்பார், மற்றவர் "நடுவில் விடாதே" என்பார். சீனியர் கோச்சின் முதல் ஒரு மாதம் பழையதை அழிப்பதிலேயே போய்விடும்.

உதவிக் கோச்சுகளும் இதில் சேர்த்தி. மைக் பிரே டிமாத்தாவில் ஆடினார், பிறகு அங்கேயே வூட்டனுக்குக் கீழே உதவிக் கோச், அதன் பிறகு டியூக், டெலவேர் பல்கலைக்கழகங்கள், 2000 முதல் 2023 வரை நோட்ர டாம் பல்கலைக்கழகம். வூட்டனுக்குப் பின் டிமாத்தாவை எடுத்துக்கொண்ட மைக் ஜோன்ஸும் அவரிடம் ஆடியவர்தான்.

அடுத்து நிமிடக் கணக்கு. எழுதிவைத்த நிமிட அட்டவணை இல்லாமல் பயிற்சிக்குப் போகக் கூடாது என்பது வூட்டன் வழி. இது அவருடைய சொந்த அட்டவணை இல்லை, அந்த முறையில் இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: உடல் சூடேற்ற 10 நிமிடம், பாஸும் பந்துக் கட்டுப்பாடும் 10, நாலுக்கு நாலு ஷெல் டிஃபென்ஸ் (பந்து நகர நகர நாலு பேரும் சேர்ந்து இடம் மாறும் தடுப்புப் பயிற்சி) 15, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு 12, ஷூட்டிங் 15, தண்ணீரோடு சேர்த்து ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) 5, முழுக்கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க எதிராளியை நெருக்குவது) 12, அரைக்கோர்ட் அஃபென்ஸ் 15, கடைசி நிமிடச் சூழல்கள் 10, ஆட்டம் 16. மொத்தம் 120.

இதில் எங்கே சொதப்புவோம்? புதிதாகச் சொல்லித்தருவதைக் கடைசியில் வைப்போம். அப்போது காலும் ஓய்ந்திருக்கும், காதும் ஓய்ந்திருக்கும். புதியது எப்போதும் முதல் அரை மணிக்குள் வர வேண்டும். களைத்த பிறகு தெரிந்ததை மட்டும்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று, 15 நிமிடம் போட்ட ஷெல் சரியாக வரவில்லை என்று 30 நிமிடம் இழுப்பது. அப்படி இழுத்தால் கடைசி நிமிடச் சூழல்கள்தான் வெட்டுப்படும், ஆட்டம் தோற்பதும் அங்கேதான். வராவிட்டால் விட்டுவிட்டு நாளைக்கு எடுங்கள். எது வெட்டுப்பட்டது என்று தாளின் ஓரத்தில் குறித்து வைத்தால் போதும்.

ஃப்ரீ த்ரோவை ஒரே மூச்சில் ஐம்பது போடச் சொல்வதில் பிரயோஜனம் ரொம்பக் குறைவு. ஆட்டத்தில் எவனும் வரிசையாக ஐம்பது போடுவதில்லை. ஓட்டப் பயிற்சி முடிந்த கையோடு, மூச்சு வாங்கும்போது, ஆளுக்கு இரண்டு போட்டுவிட்டு நகரட்டும். வூட்டன் காலத்து அமெரிக்கப் பள்ளி விதியில் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டால்தான் இரண்டாவது கிடைக்கும் என்ற நிலை ஆட்டத்துக்கு ஆட்டம் வரும். முதல் பந்து தவறினால் இரண்டு புள்ளியும் போச்சு. நமக்கு ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதியில் அது இல்லை, ஐந்தாவது டீம் ஃபவுலில் நேராக இரண்டு. ஆனாலும் களைப்பில் போடுகிற பழக்கம் வேண்டும்.

ஷெல்லில் கண் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பந்து காற்றில் இருக்கும்போதே நாலு பேரும் நகர்ந்தார்களா? பந்து கைக்குப் போன பிறகு நகர்ந்தால் எல்லோருமே அரை அடி தாமதம். கோச் பந்தைப் பார்க்காமல், பந்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பவனின் காலை மட்டும் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

உயரமானவன்

ராக்கெட் கதை உண்மைதான். 1965 ஜனவரி 30, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோல் ஃபீல்டு ஹவுஸ். எதிரணி நியூயார்க்கின் பவர் மெமோரியல், 71 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த அணி. முந்தைய வருடம் டிமாத்தாவையும் தோற்கடித்திருந்தது. நடுவில் நிற்பவர் ஏழடி லூ ஆல்சின்டர், பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார். டிமாத்தா 46–43 என்று ஜெயித்தது. ஆல்சின்டருக்கு 16 புள்ளிதான்.

பயிற்சியில் டிமாத்தாவின் உயரமான பையன் கையில் டென்னிஸ் ராக்கெட்டைக் கொடுத்து, அதற்கு மேலாகப் பந்து போடச் சொன்னார் வூட்டன். கணக்கு சுலபம். ஆறடிப் பையன் கையைத் தூக்கினால் ஏறத்தாழ 7 அடி 10 அங்குலம். ராக்கெட் 27 அங்குலம், பிடிக்குப் போக மிஞ்சுவது 22. நுனி தரையிலிருந்து 9 அடி 8 அங்குலத்தில் நிற்கும். வளையம் 10 அடி. அதாவது வளைய உயரத்தில் ஒரு கை எதிரே நிற்கிறது.

செய்யும் முறை: ராக்கெட் பிடிப்பவன் ஷூட் போடுபவனிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நிற்கட்டும். ராக்கெட்டை நேராகத் தூக்கி வைத்திருந்தால் போதும். கீழ்நோக்கி அடிக்கவே கூடாது, விரல் உடையும். ஐந்து இடம், வளையத்திலிருந்து 8 முதல் 12 அடிக்குள், இடத்துக்கு ஐந்து பந்து. முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு பந்தை ஒருமுறை தரையில் தட்டிய (ட்ரிபிள்) பிறகு.

எல்லோரும் செய்கிற தப்பு: ராக்கெட்டுக்குப் பயந்து பின்னால் சாய்ந்து போடுவது. பந்து வளையத்துக்கு முன்னாலேயே விழும். தரையில் டேப் ஒட்டி, எம்பின இடத்திலேயே இறங்கினானா என்று பாருங்கள். உயரம் முழங்காலிலிருந்து வர வேண்டும், முதுகிலிருந்து அல்ல. பந்தை விடும் இடம் நெற்றிக்கு மேலே. இதைத் தினமும் செய்யாதீர்கள். உயரமான அணியைச் சந்திக்கப் போகும் வாரத்தில் மட்டும், நாளைக்கு 10 நிமிடம். அதற்கு மேல் போனால் எல்லோருடைய ஷாட்டும் நிலாவுக்குப் போகும், திரும்பி வர இரண்டு வாரம் ஆகும்.

ராக்கெட் பாதிக் கதைதான். மறுபாதி, ஆல்சின்டருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்தியது. இதை இன்றைக்கு அப்படியே காப்பி அடித்தால் மாட்டுவீர்கள். 1965-ல் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. அமெரிக்கப் பள்ளிகளுக்கு அது 1987-ல்தான் வந்தது. வெளியே ஒருவனைச் சும்மா விட்டால் போகிற விலை இரண்டு புள்ளி, அதுவும் தூரத்து ஷாட். இன்றைக்கு அதே இடைவெளிக்கு மூன்று புள்ளி. இத்தனை விநாடிக்குள் ஷூட் செய்ய வேண்டும் என்கிற ஷாட் கடிகாரமும் அன்று இல்லை. பந்தை நிதானமாக வைத்துக்கொண்டு 32 நிமிட ஆட்டத்தை 46–43-இல் முடிக்கலாம். 24 விநாடி ஓடும் இடத்தில் அந்த யோசனை எடுபடாது.

விசில்காரன்

சார்ஜுக்கு வருகிறேன். அதை ஒரு டிஃபென்ஸ் ஆயுதமாகப் பரப்பியவர்களில் வூட்டனும் ஒருவர் என்று சொல்வதுண்டு. லாபக் கணக்கு இது: ஒரு சார்ஜ் கிடைத்தால் எதிரணியின் கூடை பெரும்பாலும் ரத்து, பந்து நமக்கு, அவர்களின் நல்ல ஆட்டக்காரன் மீது ஒரு ஃபவுல். ஐந்து ஃபவுலில் அவன் வெளியே. ஒரே மோதலில் இவ்வளவு.

நடுவர் பார்ப்பது என்ன? டிஃபென்ஸ்காரன் எதிராளியைப் பார்த்தபடி, இரண்டு காலும் தரையில் பட, பாதையில் முதலில் வந்துவிட்டானா. அப்படி வந்த பிறகு அவன் சிலை மாதிரி நிற்க வேண்டியதில்லை. பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம். "அசைந்தான், அதனால் பிளாக் (தடுத்தவன் மேல் ஃபவுல்)" என்று கேலரியில் கத்துவது தப்பு. முன்னால் நகர்ந்து மோதினால்தான் தப்பு. எதிராளி எம்பிவிட்ட பிறகு கீழே நுழைந்தாலும் தப்பு, அது ஆபத்தும்கூட. மோதல் நெஞ்சில் விழ வேண்டும். தோளை நீட்டியோ முட்டியைத் தூக்கியோ வாங்கினால் ஃபவுல் உங்களுக்கு.

ஃபீபா கோர்ட்டில் வளையத்துக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டம் இருக்கிறது. அதற்குள் நின்று, காற்றில் இருப்பவனிடமிருந்து சார்ஜ் வாங்க முடியாது. அமெரிக்கப் பள்ளிக் கோர்ட்டில் அந்த அரைவட்டம் கிடையாது. அதனால் அவர்கள் வீடியோவைப் பார்த்துப் பழகிய பையன் இங்கே இரண்டடி உள்ளே நின்று மாட்டுவான். சாக்பீஸால் அரைவட்டம் வரைந்துவிட்டு, அதற்கு வெளியே மட்டும் பழக்குங்கள்.

சொல்லித்தரும் வரிசை. முதல் நாள் மோதலே வேண்டாம். எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்றே எட்டில் ஓடி வந்து, பந்துக்காரன் பாதையில் இரண்டு காலும் ஊன்றி நிற்பது மட்டும். கால் தோள் அகலம், முட்டி மடிப்பு, கை இரண்டும் நெஞ்சுக்குக் குறுக்கே. இரண்டாவது, ஒருவன் திண்டுப் பலகையை அவன் நெஞ்சில் வைத்து நடந்து வந்து தள்ளட்டும். விழாமல் ஒரு எட்டு பின்னால் போனால் போதும். மூன்றாவது, மெத்தையில் விழப் பழகுவது. தாடை நெஞ்சை ஒட்டி, முதலில் புட்டம், பிறகு முதுகு உருண்டு, கை உள்ளேயே. விழும்போது பின்னால் கையை ஊன்றுவதுதான் மணிக்கட்டு உடைவதற்கு முதல் காரணம், தாடையைத் தூக்குவதுதான் பின்மண்டை அடிபடுவதற்கு. இவை இரண்டும் தானாக வரும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்காவது, மெத்தை மேலேயே, பாதி வேகத்தில் ட்ரிபிள் செய்து வருபவனிடம் வாங்குவது.

சிமெண்ட் தரையில் முதல் இரண்டு படி மட்டும். விழும் பயிற்சிக்கு ஜூடோ மேட்டோ ஜிம்னாஸ்டிக் மெத்தையோ வேண்டும். யோகா பாய் போதாது. மெத்தை கிடைக்காவிட்டால் விழுவதைச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதே மேல். சரியான இடத்தில் நின்றாலே பாதித் தடவை எதிராளி தடுமாறி டிராவல் (பந்தைத் தட்டாமல் நடக்கும் தவறு) செய்வான்.

மோதுவதற்கு முன்பே விழுந்து நடிப்பதை ஊக்கப்படுத்தாதீர்கள். ஃபீபாவில் முதலில் எச்சரிக்கை, பிறகு டெக்னிக்கல் ஃபவுல். அதைவிட மோசம், ஒருமுறை நடித்தவனுக்கு அன்றைக்கு நிஜ சார்ஜையும் நடுவர் யோசித்துத்தான் கொடுப்பார்.

மறுபக்கம்

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். டிமாத்தா தனியார் பள்ளி. வாஷிங்டன் வட்டாரம் முழுவதிலிருந்தும் பையன்கள் வரலாம். தெருவுக்கு எல்லை போட்ட அரசுப் பள்ளியில் அது நடக்காது.

அதனால் கூடவே ராபர்ட் ஹியூஸையும் படியுங்கள். டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த். 1958-ல் ஐ. எம். டெரல் பள்ளியில் தொடங்கினார், நிறவெறிப் பிரிவினைக் காலத்துக் கறுப்பினப் பள்ளி. 1963, 65, 67-இல் கறுப்பினப் பள்ளிகளுக்கான மாநிலப் பட்டம். 1973-ல் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள். டன்பர் என்ற அரசுப் பள்ளிக்குப் போய் 1993, 2003-இல் எல்லோருக்கும் பொதுவான மாநிலப் பட்டம். 2003-ல் வூட்டனின் 1,274-ஐத் தாண்டினார், 2005-ல் 1,333 வெற்றியோடு ஓய்வு. ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2017-ல்தான் அழைத்தார்கள், வூட்டனுக்கு 17 வருடம் கழித்து. அந்த 17 வருடத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதினால் நிர்வாகி நீக்கிவிடுவார்.

வசதி பற்றிப் பேசினால் பாப் ஹர்லி இருக்கிறார். ஜெர்சி சிட்டியின் செயின்ட் ஆன்டனி, 1972 முதல் 2017 வரை, 28 மாநிலப் பட்டம். அந்தப் பள்ளிக்குச் சொந்த ஜிம் கிடையாது. பிங்கோ விளையாடும் ஹாலில்கூடப் பயிற்சி நடந்திருக்கிறது. அவர் நன்னடத்தை அதிகாரியாகவும் வேலை பார்த்தவர். பணமில்லாமல் 2017-ல் பள்ளியே மூடப்பட்டது.

வெளிக்கோடு

எல்லோருக்கும் நன்றி. ஹியூஸ் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், தேடிப் படிக்கிறேன். பழைய பலகை சார், ஒரே ஒரு சந்தேகம்: இரண்டு மணி நேரம் கிடைக்காது, 90 நிமிடம்தான், வெளிச்சம் போய்விடும். எதை வெட்டுவது?

பழைய பலகை

பிரஸ்ஸை அந்த நாளுக்கு முழுசாக எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அஃபென்ஸுக்குப் பதில் அதை வையுங்கள். மற்றது: சூடேற்ற 8, பாஸ் 8, ஷெல் 15, ஒன்றுக்கு ஒன்று 10, ஷூட்டிங் 15, ஃப்ரீ த்ரோ 5, அஃபென்ஸ் 12, கடைசி நிமிடச் சூழல் 7, ஆட்டம் 10. ஷெல்லிலும் ஷூட்டிங்கிலும் கை வைக்கவில்லை, கவனியுங்கள். ஆட்டத்தில் 10 நிமிடம் போதாது என்று பசங்க முனகுவார்கள், முனகட்டும்.

ஸ்டாப்வாட்ச் அன்றைக்கு ஆட முடியாமல் பெஞ்சில் இருக்கும் பையனிடம் இருக்கட்டும். கோச் கையில் இருந்தால் பேசிக்கொண்டே அழுத்த மறந்துவிடுவார்.